இரண்டாம் முறை இறுக்குவது

கமான் பட்டை எந்த இடத்தில் ஒடிந்தது என்று பார்த்தாலே பாதி வழக்கு முடிந்துவிடும் என்பார் எங்கள் மேஸ்திரி. நடுவிலிருந்து ஒரு முழம் தள்ளி ஒடிந்திருந்தால் அதிக லோடு, ரோட்டுப் பள்ளம், பட்டையின் வயசு என்று பல காரணம் சொல்லலாம். சரியாக நடுவில், சென்டர் போல்ட்டுக்காகத் துளை போட்ட இடத்தில் ஒடிந்திருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது யூ போல்ட்டை. "நடுவுல ஒடிஞ்சா இறுக்குனவன் பொறுப்பு, ஓரத்துல ஒடிஞ்சா ஏத்துனவன் பொறுப்பு, பாத்துக்கிடுங்க." தூத்துக்குடியில் முப்பது வருஷமாக லாரிக்கு அடியில் படுத்திருக்கும் மனிதர் அவர். இதைச் சொன்ன ஆறாவது மாதம் அதே அளவுகோலால் அவரையே அளக்க வேண்டி வந்தது.

லாரியின் பின்பக்கம் குனிந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். சக்கரத்துக்கு உள்பக்கம் வில்போல வளைந்த இரும்புப் பட்டைகள், ஒன்றைவிட ஒன்று நீளம் குறைந்து, அடுக்காக இருக்கும். கமான் என்றால் வில். பாரசீகத்தில் பிறந்து உருது வழியாக நம் பட்டறைக்கு வந்து சேர்ந்த சொல். சரக்கின் கனம் முழுவதும் இந்த அடுக்கின் மேல்தான். அடுக்கை அச்சோடு சேர்த்துக் கட்டிப் பிடிப்பது யூ போல்ட்டு. தடித்த கம்பியை வளைத்து, இரண்டு காலிலும் மரை போட்டு, பட்டைக்கட்டின் மேலிருந்து கவிழ்த்து, அச்சுக்குக் கீழே தகடு வைத்து நட்டு போட்டு இறுக்குவார்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு யூ, ஒரு யூவுக்கு இரண்டு கால், காலுக்கு ஒரு நட்டு. இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு. சித்தப்பாவின் ஆறு சக்கர லாரி அந்த எட்டு நட்டை நம்பித்தான் ஓடியது. சித்தப்பா குடும்பமும்தான்.

அச்சை அதன் இடத்தில் நிறுத்துவது சென்டர் போல்ட்டு என்று டிரைவர்களிலேயே பலர் சொல்வார்கள். அது இல்லை. பட்டைகள் கலையாமல் அடுக்கி வைப்பதும், தன் தலையை அச்சின் மேலுள்ள குழியில் உட்கார வைத்து 'இதுதான் இடம்' என்று காட்டுவதும் மட்டுமே சென்டர் போல்ட்டின் வேலை. பிரேக் அடிக்கும்போது சரக்கு முன்னே போகப் பார்க்கும், சக்கரம் பின்னே இழுக்கும். அந்த இழுபறியைத் தாங்குவது உராய்வு. யூ போல்ட்டு பட்டையை அச்சின் மேல் எவ்வளவு நசுக்கிப் பிடிக்கிறதோ அவ்வளவு உராய்வு. பிடி தளர்ந்தால் மொத்த இழுபறியும் விரல் கனமுள்ள சென்டர் போல்ட்டின் மேல் விழும். அது கத்தரித்துக்கொண்டு போகும். பிறகு அச்சு தன் இஷ்டத்துக்கு நகரும். லாரியின் முகம் நேரே பார்த்திருக்க, உடம்பு நண்டுபோலச் சாய்ந்து நடக்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தென்மாவட்டத்துக்காரர்கள் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். உப்பளங்களில் விற்காமல் குவித்து வைத்திருந்த உப்பு அம்பாரங்கள் கரைந்து போயின. சித்தப்பாவின் லாரி அளத்துப் பக்கம் நின்றிருந்தது. நான்கு நாள், அச்சுக்கு மேலே தண்ணீர். அதுவும் வெறும் மழைத் தண்ணீர் இல்லை. பாத்தியில் கிடந்த உவர்நீரும் சேற்றோடு கலந்தது. ஏற்கெனவே உப்பு லாரி என்றால் மூட்டையிலிருந்து ஈரம் வடிந்து வடிந்து சேஸ் முழுக்கச் செம்மண் பூசினாற்போல இருக்கும். "நம்மூர்ல இரும்புக்கு ஆயுசு பாதிதான்" என்று சொல்வார்கள். வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் பாதியும் குறைந்தது.

ஜனவரி கடைசியில் பட்டைக்கட்டு இரண்டையும் பிரித்தார்கள். பட்டைகளுக்கு நடுவே அடை அடையாகச் சேறு. இரண்டு பட்டைகளை மாற்றி, மிச்சத்தைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, புது யூ போல்ட்டு வாங்கிப் பூட்டினார்கள். இரவு பதினொன்றுக்கு வேலை முடிந்தது. விடிகாலை லோடு. ஒரு மாதமாக ஓட்டமில்லாமல் கிடந்த வண்டிக்கு லோடு கிடைத்தால் யாரும் 'நாளைக்கு' என்று சொல்லமாட்டார்கள்.

மூன்றாவது நடையில், மதுரை ரோட்டில் எப்போதும்வென்றானைத் தாண்டியதும் இடதுபக்க சென்டர் போல்ட்டு போய்விட்டது. எப்பேர்ப்பட்ட பெயருள்ள ஊர், அங்கே போய்! ஸ்டீயரிங் ஒரு பக்கமாகவே இழுக்கிறதே என்று டிரைவர் அண்ணனுக்கு உறைத்திருக்கிறது. வேகத்தைக் குறைத்து, இடதுபக்கம் வந்துகொண்டிருந்த பைக்கை ஹாரன் அடித்து விலக்கி, ஓரம் கட்டினார். இறங்கிப் பார்த்தால் இடப்பக்க அச்சு நாலு விரல் பின்னே போயிருக்கிறது. பட்டையும் சரியாக நடுத்துளையில் விரிந்திருந்தது. பைக்கில் வந்தது புருஷன், பெண்டாட்டி, நடுவில் ஒரு பிள்ளை. அதை டிரைவர் அண்ணன் அன்றைக்குச் சொல்லவில்லை. ரெண்டு வாரம் கழித்துத்தான் சொன்னார்.

உயிர்ச்சேதம் இல்லை. பத்து டன் உப்பு, 50 கிலோ மூட்டையாக இருநூறு. அவ்வளவையும் ஆள் வைத்து வேறு லாரிக்கு மாற்றினார்கள். மாற்றுக்கூலி, ரிப்பேர், மூன்று நாள் ஓட்டம் எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்துச் சொச்சம் என்று சித்தப்பா எழுதி வைத்திருந்தார். யார் தலையில் கட்டுவது என்பதுதான் பிறகு பேச்சு.

மேஸ்திரி சொன்னார்: "பைப்பு போட்டுக் கை நரம்பு தெறிக்க இழுத்திருக்கேன் அண்ணாச்சி. என் இறுக்குல கொற சொல்லாதீங்க." டிரைவர் அண்ணன் சொன்னார்: "நடைக்கு நடை சுத்தியல வச்சுத் தட்டிப் பாத்தேன் மொதலாளி. எட்டும் டங்கு டங்குன்னுதான் கேட்டுச்சு." சித்தப்பா இருவரையும் நம்பவில்லை. மேஸ்திரி இருபது வருஷப் பழக்கம், அவரிடம் பணம் கேட்க முடியாது. மிச்சம் இருந்தது டிரைவர். மாதம் இரண்டாயிரம் பிடிக்கலாம் என்று முடிவாகியிருந்த நேரத்தில்தான் நான் ஊருக்குப் போயிருந்தேன். "நீ இன்ஜினியர்தானல, நீயே சொல்லு." நான் படித்தது கம்ப்யூட்டர். ஆனாலும் முதல் வருஷம் எங்களுக்கும் இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் இருந்தது. ஒரு மனிதனின் சம்பளம் தொங்கிக்கொண்டிருக்கும்போது அதைத் தூசி தட்டி எடுக்காமல் இருக்க முடியாது.

கணக்கு இப்படி. யூ போல்ட்டின் கால் 20 மில்லிமீட்டர் கனம். எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், கம்பெனிப் புத்தகத்தில்தான் பார்க்க வேண்டும். கணக்குக்காக 400 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மீட்டர் நீளமுள்ள பைப்பின் நுனியில் 40 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வருகிற முறுக்கு அது. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு பைப்பு போட்டு இழுக்கும் ஆளால் ஏறக்குறைய அவ்வளவுதான் முடியும். ஆக, மேஸ்திரி சொன்னது பொய்யில்லை.

ஆனால் முறுக்கு வேறு, பிடிப்பு வேறு. நட்டை முறுக்குவதற்கு நாம் போடும் உழைப்பில் தோராயமாகப் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கப் போகிறது. மீதி ஒன்பது பங்கு நட்டின் அடிப்பரப்பிலும் மரையிலும் உராய்ந்தே கரைகிறது. மரை சுத்தமாக இருந்தால் நான் சொன்ன முறுக்குக்குக் காலுக்குச் சுமார் 10 டன் இழுவிசை கிடைக்கும். நான்கு காலுக்கு 40 டன். பட்டைக்கட்டின் மேல் 40 டன் எடையை வைத்து நசுக்கியதுபோல. இதே மரை துருவேறிக் காய்ந்து கிடந்தால் உராய்வு கூடும். கைக்கு அதே வலி, பைப்புக்கு அதே வளைவு. போல்ட்டுக்குப் போய்ச் சேருவது 7 டன்கூட இல்லை. எண்ணெயில் முக்கி எடுத்த மரை என்றால் நேர் எதிர்: அதே முறுக்குக்கு 13 டன் வரைக்கும் இழுத்து, கம்பியை அதன் எல்லைக்கு அருகே கொண்டுபோய்விடும். அதனால்தான் காய்ந்த மரைக்கா, எண்ணெய் விட்ட மரைக்கா என்று சொல்லாமல் வெறும் எண்ணை மட்டும் சொல்வது அரைகுறைத் தகவல்.

சித்தப்பாவின் வண்டியில் போட்டது புது யூ போல்ட்டு, பழைய நட்டு. கடையில் யூவோடு கொடுத்த நட்டு ஒல்லியாக இருந்ததாம். யூ போல்ட்டுக்கு உயரமான நட்டுதான் வேண்டும் என்பது மேஸ்திரிக்குத் தெரியும். ஒல்லி நட்டில் மரை பற்றாது. அதனால் பழைய உயர நட்டையே டீசலில் கழுவிப் போட்டிருக்கிறார். காரணம் சரி. நான்கு நாள் உவர்நீரில் கிடந்த நட்டு என்பதுதான் சிக்கல்.

இதைவிடப் பெரிய விஷயம் அடுத்தது. போல்ட்டு என்பது உண்மையில் ஒரு ஸ்பிரிங். இறுக்கும்போது அது நீள்கிறது. சுருங்கப் பார்க்கும் அந்த ஆசைதான் பிடிப்பு. 30 சென்டிமீட்டர் காலை 10 டன்னில் இழுத்தால் எவ்வளவு நீளும்? அரை மில்லிமீட்டர். லாரியின் பின்பாதி மொத்தமும் அந்த அரை மில்லிமீட்டரில் நிற்கிறது என்று புரிந்தபோது எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. துருப்பிடித்த நட்டு என்றால் மூன்றில் ஒரு மில்லிமீட்டர். இப்போது பட்டைகளைப் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கு. தேய்த்தும் போகாத துரு, புதுப் பட்டையின் பெயின்ட், மணல். லோடு ஏறி இறங்கும்போது ஒவ்வொரு இடைவெளியிலும் இவை நசுங்கிப் பொடியாகும். ஒரு இடைவெளிக்கு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு என்றாலும் பத்து இடைவெளிக்கு 0.2 மில்லிமீட்டர். மூன்றில் ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் பிடிப்பு மூன்று டன்னுக்குக் கீழே வந்துவிடுகிறது. தோராயக் கணக்குதான். நசுக்கியிருந்த பட்டைகளும் கொஞ்சம் நிமிர்ந்து கொடுக்கும், நிஜத்தில் இழப்பு இவ்வளவு இராது. ஆனால் போக்கு இதுதான். நட்டு ஒரு இழைகூடத் திரும்பவில்லை. யாரும் கழற்றவில்லை. பிடிப்பு மட்டும் போய்விட்டது.

டிரைவர் அண்ணனின் சுத்தியலுக்கு இது கேட்டிருக்குமா? கேட்காது. கையால் ஆட்டினால் ஆடுகிற நட்டைச் சுத்தியல் காட்டிக்கொடுக்கும். பத்து டன்னில் இருக்க வேண்டியது மூன்று டன்னில் இருந்தாலும் சத்தம் 'டங்'தான். எங்கள் தொழிலிலும் இது உண்டு. சோதனைகள் எல்லாம் பச்சை காட்டும், சர்வர் விழுந்து கிடக்கும். நாம் அளந்தது நமக்கு வேண்டியதையல்ல, அதன் பக்கத்து வீட்டுக்காரனை.

சரியான முறை ஒன்றும் ரகசியமில்லை. பழைய யூ போல்ட்டை மறுபடி போடக்கூடாது. ஒருமுறை இழுபட்ட மரை இரண்டாம் முறை அதேபோல் இழுபடாது. வளைத்த மைல்டு ஸ்டீல் கம்பியை யூ போல்ட்டு என்று விற்பதை வாங்கவே கூடாது. அது ஆறு டன்னிலேயே இளகிவிடும். நட்டு சுற்றிக்கொண்டே போகும், இறுகுகிறது என்று நினைப்போம், கம்பிதான் நீண்டுகொண்டிருக்கும். எல்லா நட்டையும் முதலில் கையால் ஓட்டி, நான்கு காலிலும் மரை சமமாக வெளியே தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஜாக்கியை இறக்கி, வண்டி தன் காலில், சமதரையில் நின்றபின், குறுக்காகக் குறுக்காக, மூன்று நான்கு தவணையில் இறுக்க வேண்டும். ஒரு நட்டை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போனால் அடுக்கு ஒருபக்கம் கடித்துக்கொண்டு நிற்கும்.

ஜாக்கியை இறக்கிவிட்டு என்பதைப் பெரும்பாலானவர்கள் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். தூக்கி வைத்த வண்டியில் அச்சு தொங்குகிறது, பட்டை அதிகமாக வளைந்திருக்கிறது. அந்த நிலையில் பிடித்த பிடி பாரம் வந்ததும் மாறும். ரப்பர் புஷ் உள்ள வண்டிகளில் கேடு இன்னும் அதிகம். தொங்கும் நிலையில் அதன் போல்ட்டை இறுக்கினால் ரப்பர் அந்தக் கோணத்திலேயே பூட்டிக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் முறுக்கிக்கொண்டு, ஓடாமல் நிற்கும்போதும் முறுகியபடியே இருந்து, சீக்கிரமே கிழிந்துபோகும். கழுத்தைத் திருப்பி வைத்துத் தூங்கியவன் மாதிரி.

இவ்வளவும் செய்த பிறகு கடைசியாக ஒன்று. லோடு ஏற்றி, கொஞ்சம் ஓட்டி, திரும்ப வந்து இன்னொரு முறை இறுக்க வேண்டும். கம்பெனிப் புத்தகங்கள் இதற்குச் சொல்லும் தூரம் ஒன்றுக்கொன்று மாறும். பொதுவாக முதல் லோடுக்குப் பின், அல்லது முதல் சில நூறு கிலோமீட்டருக்குள். முதல் இறுக்கு பெயின்ட்டையும் துருவையும் நசுக்குவதற்கு; இரண்டாவது இறுக்குதான் பட்டைக்கு. இது நடக்கவில்லை என்பதுதான் சித்தப்பாவின் வழக்கின் மையம். கேட்டால் மேஸ்திரிக்கும் தெரியும், டிரைவர் அண்ணனுக்கும் தெரியும், சித்தப்பாவுக்கும் தெரியும்.

"லோடோட வாங்கன்னு சொன்னேன். யாரு வாரா?" என்றார் மேஸ்திரி. அவர் வீட்டுப் பெரியவர்கள் ஒருகாலத்தில் முத்துக்குளிக்கப் போனவர்கள். 1961க்குப் பிறகு இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனாலும் கதை போகவில்லை. கல்லைக் கட்டிக்கொண்டு அடியில் இறங்குகிறவனின் கயிற்றை மேலே மச்சான்தான் பிடிப்பான், தங்கச்சி தாலிக்காகவாவது விடமாட்டான் என்று எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வார்கள். "கயித்தப் புடிச்சிக்கிட்டு நிக்கிறவன் பாதியில டீ குடிக்கப் போவானா தம்பி? இவுக போறாக. நட்டு என்ன, சத்தம் போட்டுக் கூப்புடவா செய்யும்?"

அவர் ஆதங்கம் நியாயம். ஆனால் 'இவுக' ஏன் வரவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். லோடோடு பட்டறைக்கு வருவது என்றால் பைபாஸிலிருந்து ஊருக்குள் திரும்ப வேண்டும். இறக்க வேண்டிய இடத்தில் வரிசை பிந்தும். டிரைவருக்கு நடைக்கு இவ்வளவு என்று பேட்டா. அரை மணி நேரம் பிந்தினால் அவர் கையிலிருந்து போகிறது. மேஸ்திரியும் இரண்டாம் இறுக்குக்குக் காசு வாங்குவதில்லை, அது வேலையோடு சேர்ந்தது என்பது பட்டறை மரியாதை. காசில்லாத வேலைக்கு யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. ஆக, நான்கு பேருக்கும் தெரிந்த ஒரு வேலை, நான்கு பேர் கணக்கிலும் இல்லாமல், ரோட்டோரம் விழுந்து கிடக்கிறது. துறைமுகச் சாலையில் டிரெய்லர் நூறு வைத்திருக்கும் கம்பெனிகளில் இது வேறு மாதிரி. அங்கே குழி உண்டு, டார்க் ரென்ச் உண்டு, இறுக்கிய நட்டின் மேலும் தகட்டின் மேலும் சேர்த்து ஒரு மஞ்சள் பெயின்ட் கோடு இழுத்து, தேதி எழுதி வைக்க ஒரு ஆளுக்குச் சம்பளமும் உண்டு. கோடு முறிந்திருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். ஒற்றை லாரிக்காரருக்கு அந்த ஆள் யார்?

இதற்கு நடுவில் பாரம் கூடிக்கொண்டேதான் போகிறது. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுப்பாரத்தின் உச்சவரம்பை உயர்த்தியது. நான்கு டயர் உள்ள ஒற்றைப் பின் அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 ஆனது. லாபம் யாருக்கு என்பது தனிக் கட்டுரை. பழைய வண்டிக்காரர்களும் போட்டிக்கு அதே அளவு ஏற்றத்தான் செய்வார்கள்; அவர்களுடைய யூ போல்ட்டுக்கு அரசாணை தெரியாது.

நான் காகிதத்தில் எழுதிய கணக்கைச் சித்தப்பா பொறுமையாகக் கேட்டார். "அப்ப யாரு மேல தப்புங்கே?" என்றார். டிரைவர் மேல் இல்லை என்பது மட்டும் இந்தக் கணக்கில் உறுதியாக இருக்கிறது என்றேன். "அவன் தட்டிப் பாத்தது பத்தாதா?" பத்தாது, ஆனால் அவரிடம் இருந்தது சுத்தியல் மட்டும்தானே சித்தப்பா, என்றேன். அவர் பதில் சொல்லாமல் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அதற்கு முன்பே ஒரு மாதச் சம்பளத்தில் இரண்டாயிரம் பிடித்திருந்தார். அடுத்த மாதம் பிடிக்கவில்லை. பிடித்ததைத் திருப்பியும் தரவில்லை. சித்திரைக்குள் டிரைவர் அண்ணன் ஒரு டிரெய்லர் கம்பெனிக்குப் போய்விட்டார். பைக்கில் வந்த குடும்பத்தைப் பற்றி என்னிடம் சொன்னது கணக்கு தீர்க்க வந்த அன்றுதான். அந்தப் பிள்ளை திரும்பித் திரும்பி லாரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனதாம்.

மேஸ்திரிக்கு நான் ஒரு டார்க் ரென்ச் வாங்கி அனுப்பினேன். முதலில் அதைச் சாக்கில் சுற்றி மேலே வைத்துவிட்டார், "இது 'டக்'குங்கு, என் கையி அதுக்கு முன்னாடியே சொல்லிருது" என்று. அது சொல்வதும் முறுக்கைத்தான், பிடிப்பை இல்லை, மரையை நீங்கள் சுத்தம் செய்து கொடுத்தால்தான் அதன் பேச்சுக்கு மதிப்பு என்று நான் சொன்னபோதுதான் ஆளுக்கு ரென்ச்சின் மேல் மரியாதை வந்தது. இப்போது எட்டு நட்டையும் பழையபடி பைப்பில் இழுத்துவிட்டு, கடைசிச் சுற்றுக்கு மட்டும் சாக்கைப் பிரிக்கிறார். பழைய நட்டைக் கழுவிப் போடுவதை விட்டுவிட்டார்.

இன்னொன்றும் செய்கிறார், அது அவர் சொந்த யோசனை. பட்டை வேலை முடிந்து வண்டி வெளியே போகும்போது கூலிக்கு மேல் இருநூறு ரூபாய் வாங்கிக்கொள்கிறார். லோடோடு வந்து இரண்டாம் இறுக்கு இறுக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அந்த இருநூறு திருப்பி. மேஜை டிராயரில் வண்டி நம்பர் எழுதின சிகரெட் அட்டைகளைப் பணத்தோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார். போன பொங்கலுக்குப் போனபோது எண்ணிக் காட்டினார். முப்பத்தொன்று கிடந்தது. அதில் சித்தப்பா வண்டி நம்பர் இல்லை.